கன்றுக்குப் போன எண்ணெய்

எங்கள் கொட்டிலில் அப்போது இரண்டு நாகு கன்றுகள் நின்றன, இரண்டும் பெண். ஒன்று மாமியின் பசு போட்டது. மற்றது என்னுடைய பசு போட்டது. ‘என்னுடைய’ என்று எழுதும்போது இப்போதும் கை கொஞ்சம் தயங்குகிறது. கலியாணத்தின்போது என் வாப்பா லொறியில் ஏற்றி அனுப்பிய பசு அது. அலுமாரி, கட்டில், தையல் மெசின் ஆகியவற்றோடு வந்து இறங்கியது. அலுமாரியின் மேல்தட்டில் இப்போது மாமியின் சாரிகள் இருக்கின்றன. தையல் மெசினில் அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லோரும் தைக்கிறார்கள். பசுவின் பாலும் வந்த நாளிலிருந்து வீட்டுப் பாலாகத்தான் போகிறது. அதிலெல்லாம் எனக்குக் குறையில்லை. ஆனால் அது ஒரு பெண் கன்றைப் போட்டபோது, இது ஒன்று எனக்கு என்று மனதுக்குள் வைத்துக்கொண்டேன். என் மகள் பிறந்தும் அப்போது சில மாதங்கள்தான். இரண்டும் ஒன்றாக வளரும் என்று நினைத்தேன்.

மாமியிடம் கன்றுகளைப் பற்றி ஒரே சட்டம்தான் இருந்தது. வளராத கன்று இந்தக் கொட்டிலில் நின்று தீன் தின்னத் தேவையில்லை. ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும்போது பாலாவிப் பக்கமிருந்து ஒரு மாட்டு வியாபாரி சின்ன லொறியில் வருவார். தேறாதது எதுவோ அது அவரோடு போகும். நான் இந்த வீட்டுக்கு வந்த பிறகே அப்படி ஒரு கன்று போவதைப் பார்த்திருக்கிறேன். லொறிக்குள் இருந்து அது தலையை நீட்டிப் பார்த்தது. மாமி முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

என் கன்று தேறவில்லை.

முதல் சில கிழமைகள் நன்றாகத்தான் துள்ளியது. பிறகு முடி மினுக்கம் இழந்து சிலிர்த்துக்கொண்டது. வயிறு மட்டும் கீழே தொங்கியது, முதுகெலும்பு கூரையின் கிடுகு வரிச்சு மாதிரித் தெரிந்தது. சாணம் சாம்பல் நிறத்தில் பசை மாதிரிப் போனது. பக்கத்தில் மாமியின் கன்று. அதே கொட்டில், அதே வைக்கோல், ஏறக்குறைய ஒரே வயது. அது கொழுகொழுவென்று நின்று என் கன்றின் காதை நக்கிக்கொண்டிருக்கும். அந்தக் காட்சியைப் பார்க்கப் பார்க்க எனக்குள் ஏதோ ஒன்று புழு மாதிரி நெளியும். இரண்டில் ஒன்று மட்டும் ஏன் மெலிய வேண்டும்? யாரோ எதுவோ செய்யாமல் அப்படி நடக்குமா?

எங்கள் வீட்டில் கன்றுகள் தாயிடம் நேரே குடிப்பதில்லை. சீம்பால் காலம் முடிந்ததும் பிரித்துக் கட்டி, வாளியில் அளந்து கொடுப்போம். மீதிப் பால் காலையிலேயே தகரக் கானில் நிறைந்து பால் சேர்க்கிற இடத்துக்குப் போய்விடும். பால் குறையக் குறைய, அதற்கு ஈடாக என் கணவர் பாலாவியில் ஒரு தீன் கடையிலிருந்து ஒரு பவுடர் வாங்கி வந்தார். கொழுப்புப் பவுடர் என்று கடைக்காரர் சொன்னாராம். சுடுதண்ணீரில் கரைத்து வாளியில் கலந்தால் கன்று உருண்டுவிடும் என்றாராம். இரண்டு கன்றுக்கும் கொடுக்கத்தான் வாங்கினார். மாமி தன் கன்றுக்கு வேண்டாம் என்று விட்டார். அவருக்குக் கடைச் சாமான் எதிலும் நம்பிக்கை இல்லை. ஆகவே என் கன்றுக்கு மட்டும் கொடுத்தோம்.

என் முதல் சந்தேகம் அந்தப் பவுடர் மேல்தான். சாக்கில் என்னென்னவோ எழுதியிருந்தது, பாதி எனக்குப் புரியாத மொழி. ஆங்கிலத்தில் இருந்ததைப் படித்தேன். கொழுப்பு இத்தனை பங்கு என்று இருந்தது. எதன் கொழுப்பு என்று இல்லை. மாட்டினதா, மரத்தினதா, அல்லது நான் பெயர் சொல்ல விரும்பாத வேறெதனதா? அந்தக் கன்று வளர்ந்து, பசுவாகி, அதன் பால் என் பிள்ளையின் வாயில் போகப் போகிறது. ஒரு கரண்டி பவுடரை வெந்நீரில் கரைத்து மூடி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். பக்கத்தில் ஒரு கிளாசில் எங்கள் வீட்டுத் தேங்காயெண்ணெய். எண்ணெய் வெள்ளையாக உறைந்தது. பவுடர் கலந்தது மேலே மஞ்சள் ஏடு கட்டியது. இதிலிருந்து எதைத் தெரிந்துகொள்ளலாம் என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தவள் நான். பசுவின் நாலறை வயிற்றை வரைந்து நிறம் தீட்டியவள். ஆனால் அந்தக் கிளாஸ் எனக்கு எதையும் சொல்லவில்லை.

கணவரிடம் சொன்னபோது, பள்ளிவாசலில் மௌலவியிடம் கேட்டுப் பாருங்கள் என்றேன். அவர் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டே சிரித்தார்.

“கண்டுக்குட்டி என்ன மதரஸாவுக்கா போகுது? மரக்கொழுப்புண்டு கடக்காரன் செல்றான்.”

“அவர் செல்லுவாரு. விக்கிறவரு வேற என்னத்தச் செல்லுவாரு?”

“சரி, ஒனக்கு மனசு ஒத்துக்கல்லாட்டி விடு. நான் திருப்பிக் குடுக்கிறன்.”

அதோடு பவுடர் நின்றது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

பவுடர் போன இடத்தில் வேறு ஏதாவது வர வேண்டுமே. நான் இப்படிக் கணக்குப் போட்டேன். பாலில் கொழுப்பு இருக்கிறது. கன்றுக்குப் பால் குறைகிறது. ஆகவே குறைவது கொழுப்பு. நம்மிடம் கொழுப்புக்கு என்ன பஞ்சம்? இந்தக் கரையில் யாருக்கு என்ன வந்தாலும் எண்ணெய்தான். பிரசவம் முடிந்தவளுக்கு எண்ணெய், சளி பிடித்த பிள்ளையின் நெஞ்சில் எண்ணெய், கடலுக்குப் போய் வந்தவரின் பாதத்தில் எண்ணெய், பித்தம் என்றால் உச்சியில் எண்ணெய். என் மகளுக்கும் தினமும் காலையில் மாமிதான் காலில் கிடத்தி எண்ணெய் பூசிவிட்டார். எங்கள் தோட்டத்துத் தேங்காய், எங்கள் கண்முன் மில்லில் ஆட்டியது. கலப்படம் இல்லை, சந்தேகம் இல்லை. காலையில் பால் வாளியில் ஒரு சிரட்டை அகப்பை எண்ணெய் ஊற்றிக் கையால் அடித்துக் கலக்கினேன். அது கலக்கவில்லை. பாலின் மேல் கண்ணாடிப் பொட்டுகளாக மிதந்தது. கன்று குடித்தபின் அதன் மூக்கும் மீசை முடியும் பளபளத்தன. அதைப் பார்க்க எனக்கு ஒரு திருப்தி.

தீனையும் நானே எடுத்துக்கொண்டேன். அந்த மாதம்தான் என் மகளுக்குக் கூழ் கொடுக்கத் தொடங்கியிருந்தோம். சிவப்பரிசி, பயறு, சோளம் எல்லாம் வறுத்து, மில்லில் அரைத்து, மெல்லிய துணியில் அரித்து வைப்பேன். கட்டி தட்டினால் பிள்ளைக்குத் தொண்டையில் அடைக்கும் என்று பயம். ஒரு தரம் அரித்ததை மறுபடி அரிப்பேன். அதே கையோடு கன்றின் சோளத்தையும் மில்லுக்குக் கொண்டுபோனேன். இரண்டு தரம் ஓட்டித் தாருங்கள் என்றேன். மில்காரர், மாட்டுக்கா தங்கச்சி, என்று ஒரு மாதிரிப் பார்த்தார். வீட்டுக்கு வந்து அதையும் அரித்தேன். தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் சேர்த்தேன். கையில் எடுத்தால் முகப்பவுடர் மாதிரி விரலிடுக்கால் ஒழுகும்.

கன்று தீன் வைத்த பேசின் சட்டிக்குள் மூக்கை வைத்தது, தும்மியது. மா மேலே எழும்பிக் கண்ணிமையெல்லாம் வெள்ளையானது. நாக்கை நீட்டி ஒரு தரம் நக்கியது. மா எச்சிலில் குழைந்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது போல, வாயை வெகுநேரம் மென்று மென்று திறந்து மூடியது. பிறகு தலையைத் திருப்பிக்கொண்டது. பழகும் என்று இருந்தேன். பழகவில்லை. நாளுக்கு நாள் பேசினில் மிச்சம் கூடியது.

மாமி மில்லுக்குப் போகிறவர் அல்ல. ஒரு மாட்டுக்காக மில்காரனுக்குக் கூலி கொடுப்பதா என்று, சோளத்தை உரலில் போட்டு நாலு குத்துக் குத்திக் கரடுமுரடாக எடுப்பார். பாதி உடைந்தும் உடையாமலும் கிடக்கும். கோழிக்குக் கொஞ்சம், கன்றுக்குக் கொஞ்சம். அதைத்தான் அவருடைய கன்று நறுநறுவென்று தின்றது. நான் அதைப் பார்த்தும் பார்க்கவில்லை. என் கண் மாமியின் கையில்தான் இருந்தது.

ஏனென்றால் ஒரு பின்னேரம், அஸர் தொழுதுவிட்டு மாமி கொட்டில் பக்கம் போனதைக் கண்டேன். முந்தானைக்குள் எதையோ மூடிப் பிடித்திருந்தார். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சன்னலோரம் நின்றிருந்தேன். அவர் தன் கன்றிடம் போகவில்லை. என் கன்றின் பேசினருகே குனிந்தார். திரும்பி வரும்போதும் முந்தானை மூடியபடியே இருந்தது. விரல்களைச் சாரியில் துடைத்தார். மறுநாளும் போனார். அதற்கு அடுத்த நாளும்.

என்ன எடுக்கிறார் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றிய கேள்வி. நான் அரித்து வைத்த மாவை அள்ளித் தன் கன்றுக்குப் போடுகிறார் என்று முடிவு செய்தேன். அதனால்தான் ஒன்று கொழுக்கிறது, ஒன்று மெலிகிறது. அடுத்த நிமிடமே எனக்கு வெட்கமாக இருந்தது. என் பிள்ளையைக் காலில் கிடத்தி எண்ணெய் பூசும் பெண், என் பிரசவத்தில் கண்விழித்துக் கிடந்தவர். அப்படிச் செய்வாரா? ஆனால் போகிறாரே. போய் எதையோ செய்கிறாரே. மாவின் மேல்பரப்பைத் தட்டி மட்டமாக்கி, பிள்ளையின் கரண்டியைக் கவிழ்த்து வரிசையாக அச்சு வைத்தேன். பின்னேரம் அச்சுக் கலைந்திருந்தது. கன்று கட்டிய இடத்திலேயே கால் நீட்டிப் படுத்திருந்தது. அது எழுந்து வந்து தின்றதற்கான அடையாளம் எதுவும் இல்லை. ஆனால் மாவின் அளவு குறைந்த மாதிரியும் தெரியவில்லை. இன்னும் சொன்னால் கூடிய மாதிரி, ஈரமான மாதிரி இருந்தது. அது என் குழப்பத்தைக் கூட்டியது. தின்னாத மாவில் ஈரம் எங்கிருந்து வரும்?

கணவரிடம் சாடையாகக் கேட்டேன். உங்கள் உம்மா கொட்டில் பக்கம் அடிக்கடி போகிறாரே என்றேன். அவர் என் முகத்தைப் பாராமல், கொட்டில் அவருடையதுதானே என்றார். பிறகு, “நீ சீஐடி வேலைக்கு எழுதிப் போட்டிருக்கலாம்” என்று கேலி செய்துவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தார். அவர் என் முகத்தைப் பார்க்காததும் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

இதற்கிடையில் இன்னொன்றும் காதில் விழுந்தது. மாமி தொலைபேசியில் யாருடனோ கதைத்துக்கொண்டிருந்தார். ஹஜ்ஜுக்கு முன்ன வாங்க, என்றார். ரெண்டையும் பாத்துட்டுப் போங்க. பிறகு தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார், அதில் ‘மினுங்குது’ என்ற சொல் மட்டும் எனக்குக் கேட்டது. எது மினுங்குகிறது? என் கன்றா? அது எங்கே மினுங்குகிறது?

ஒரு காலையில் கன்று எழும்பவில்லை. பால் வாளியை மூக்கருகே கொண்டுபோனேன், தலையைத் தூக்கவில்லை. இடது பக்கம் விலாவுக்குப் பின்னால் ஊதியிருந்தது. காது குளிர்ந்திருந்தது. மாமி வந்து பார்த்து, நாக்கால் ‘த்சொ’ என்று ஒரு சத்தம் போட்டார். அந்தச் சத்தத்தில் இருந்தது கவலையா, கணக்கு முடிந்ததா என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. நான் மிருக வைத்திய அலுவலகத்துக்கு அழைத்து, அழாத குரலில் கதைக்க முயன்றேன்.

வந்தவர் ஒரு சிங்களப் பெண் டொக்டர். இந்தப் பக்கம் நெடுநாள் வேலை செய்ததில் தமிழ் நன்றாக வரும். முட்டிக்கால் போட்டு உட்கார்ந்து கன்றின் கண்ணை இழுத்துப் பார்த்தார், வாயைத் திறந்து மேலண்ணத்தில் காய்ந்து ஒட்டியிருந்த மாவை விரலால் சுரண்டி எடுத்தார். ஊதியிருந்த பக்கத்தைக் கையால் அழுத்தி, காதை வைத்துக் கேட்டார். பிறகு சாணத்தில் கொஞ்சம் எடுத்து இரண்டு விரலுக்கிடையில் தேய்த்தார். விரல் வழுக்கியது. வெயிலில் பிடித்துக் காட்டினார், பளபளத்தது. அதை ஒரு தண்ணீர் வாளியில் கழுவினார். தண்ணீரின் மேல் நிறம் நிறமாக எண்ணெய் விரிந்தது.

நாங்கள் மூன்று பேரும் நின்றோம். கணவர் வேலைக்குப் போகாமல் நின்றிருந்தார்.

“எண்ணெய் குடுக்கிறதா?” டொக்டர் கேட்டார்.

“ஓம் டொக்டர்,” என்றேன். “காலையில பாலோட. ஒரு சிரட்டை அகப்பைதான்.”

“பாலோட மட்டும்?”

“மட்டும்தான்.”

டொக்டர் பேசினுக்குள் கையை விட்டார். கை நிறைய எடுத்து உருட்டினார். மா உருண்டையாகக் கொழுக்கட்டை மாதிரிப் பிடிபட்டது. அதை என்னிடம் நீட்டினார். நான் அரித்த மா அல்ல அது. எண்ணெயில் குழைந்த மா.

“இது யாரு?”

மாமி தலைச்சீலையை இழுத்து விட்டுக்கொண்டு, டொக்டரையோ என்னையோ பாராமல், பசுவைப் பார்த்துச் சொன்னார்.

“பின்னேரத்துல நானும் கொஞ்சம் விடுவன். எலும்பும் தோலுமா நிக்கிறப் பாத்துட்டு எப்பிடிச் சும்மா இரிக்கிற?”

அவர் எடுக்கவில்லை. சேர்த்திருக்கிறார். டொக்டர் விடவில்லை. கன்று தண்ணீர் குடிக்கிற வாளியைக் காட்டினார். அதன் ஓரத்தில் மஞ்சள் ஏடு ஒன்று வளையமாகக் காய்ந்திருந்தது. அதை நான் கண்டிருக்கிறேன், குளிர்சாதனப் பெட்டிக் கிளாசில். கணவர் பக்கம் திரும்பினேன். அவர் தாடியைச் சொறிந்தார்.

“அந்தப் பவுடர்தான்,” என்றார். “இவ வாணாண்டு சொன்னா. திருப்பிக் குடுக்கப் போனா கடக்காரன் எடுக்கல்ல. கண்டு சாகப் போகுதேண்டு நான் தண்ணியில கலக்கினன்.”

டொக்டர் எங்கள் மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நீங்க வளக்கிறது கண்டா, வடை சுடுற சட்டியா?”

முதலில் சிரித்தவர் மாமி. வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

டொக்டர் சொன்னதை என் சொல்லில் எழுதுகிறேன். பிறந்த கன்றுக்குப் பெரிய வயிறு இன்னும் வேலை செய்யத் தொடங்கவில்லை. பால் அதைத் தாண்டி வேறு வழியாகப் போய்விடும். அந்தப் பெரிய வயிற்றை வேலை செய்ய வைப்பது தானியம்தான். தானியம் அங்கே போய்ப் புளிக்க வேண்டும். புளிக்க வைக்கிற நுண்ணுயிர்கள் பெருக வேண்டும். அப்போதுதான் வயிற்றின் உட்சுவர் தடித்து, சின்னச் சின்ன முளைகள் வரும், தீனை உறிஞ்சும். தானியத்தின் மேல் எண்ணெய் படிந்தால் அந்த உயிர்கள் அதைத் தொட முடியாது, அவையும் மடியும். கொழுப்பு கூடினால் கன்றுக்குப் பசியும் வராது, தின்ன வேண்டிய தானியத்தைத் தின்னாது. பாலில் இருக்கிற கொழுப்பு வேறு, அது பாலோடு கரைந்து கிடக்கிறது. மேலே மிதக்கிற எண்ணெய் வேறு. கொழுப்புச் சேர்க்கவே கூடாது என்றில்லை, அதற்கு அளவும் முறையும் உண்டு, மூன்று பேர் மூன்று நேரம் ஊற்றுவது முறையல்ல. மா விசயமும் அப்படித்தான். மிக மெல்லிய மா தூசியாக மூக்கில் ஏறும், வாயில் ஒட்டும், உள்ளே போனதும் சட்டென்று புளித்து வயிற்றை எரிக்கும். உடைத்த சோளம், பல்லில் கடிபடுகிற சோளம் போதும்.

நாலறை வயிறு. நான் நிறம் தீட்டிய வயிறு. அந்த முளைகளுக்கு நான் பச்சை நிறம் கொடுத்ததுகூட ஞாபகம் இருக்கிறது. அவை எப்படி வருகின்றன என்று பரீட்சையில் யாரும் கேட்கவில்லை.

டொக்டர் குழாய் வழியாக ஏதோ மருந்து விட்டு, காற்றை இறக்கி, உப்புக் கரைசல் பக்கட்டுகள் தந்தார். எண்ணெய், பவுடர், புண்ணாக்கு எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். கொஞ்ச நாளைக்குத் தாயின் பால் முழுதாகக் கொடுக்கச் சொன்னார். பிழைக்குமா என்று கேட்டேன். பார்ப்பம் என்றார். போகும்போது மாமியின் கன்றைத் தட்டிக்கொடுத்து, இதுக்கு என்ன குடுக்கிற என்று கேட்டார். மாமி உரலைக் காட்டினார். மில்லுக்குக் குடுக்க எங்களுக்கு எங்க வழி, என்றார். அதில் ஒரு குத்தல் இருந்தது. அது எனக்குத்தான்.

அன்றைக்குப் பிறகும் என் சந்தேகம் தீரவில்லை. அது இடம் மாறியது. மாமி எடுக்கவில்லை, கொடுத்தார். சரி. ஏன் கொடுத்தார்? கொடுப்பதை ஏன் முந்தானைக்குள் ஒளித்தார்? குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது நானே கேட்டேன். கேட்கவேண்டும் என்று பல நாள் வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன்.

“மாமி, அந்த எண்ணய ஏன் எனக்குச் செல்லாம விட்டீங்க?”

“நீ செல்லிட்டா விட்ட?”

“நான் என்ட கண்டுக்குத்தானே.”

“அதான். ஒன்ட கண்டு. நான் விட்டா நீ என்னத்த நெனப்பியோ.” அவர் மீனின் செதிலைச் சீவிக்கொண்டே தொடர்ந்தார். “நான் ஒண்டு செல்லட்டா மகள்? கோவிக்கப்படாது. அந்தக் கண்டுக்கு அளக்கிற பால நீ கொறச்சு, ஒன்ட புள்ளக்கு எடுக்கிறாயெண்டு நான் நெனச்சன். புள்ளக்கு எடுத்தா தப்பில்ல. ஆனா கண்டு பாவம். அதுக்குத்தான் விட்டன்.”

நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்த அதே நாட்களில், அவரும் என் அளவுச் சாடியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் ஒரு துளியும் எடுக்கவில்லை என்றேன். சரி சரி என்றார். அந்தச் ‘சரி’ நம்பியதா, மூடியதா என்று தெரியவில்லை. தொலைபேசியில் மினுங்குது என்றீர்களே, அது என்ன என்று கேட்க வாய் வந்தது. வியாபாரி வருமுன் தோல் மினுங்கவேண்டும் என்றுதான் எண்ணெய் ஊற்றினாரோ? மாட்டு வியாபாரிகள் பார்ப்பது தோலைத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் கேட்கவில்லை. கேட்டால் அவர் இல்லை என்பார். அந்த ‘இல்லை’யை வைத்துக்கொண்டு நான் இன்னும் பல நாள் புரள வேண்டியிருக்கும்.

கன்று மெதுவாகத்தான் எழும்பியது. பால் குடித்தது. உப்புக் கரைசல் குடித்தது. சாணத்தின் நிறம் மாறியது. நான் சோளத்தை மில்லுக்குக் கொண்டுபோகவில்லை. உரலை நானே எடுத்தேன். பிள்ளைக் கூழுக்கு அரிக்கிற கை, கரடாகக் குத்தப் பழகச் சிரமப்பட்டது. அறியாமலே மாவாகிவிடும். ஒரு நாள் மாமி உலக்கையை வாங்கி, இப்பிடி இல்ல, நாலு குத்தோட நிப்பாட்டு என்று தான் குத்தினார். நான் தடுக்கவில்லை. அதன் பிறகு இரண்டு கன்றுக்கும் அவரே குத்தினார்.

உடைத்த சோளத்தைக் கன்று முதன்முதலாகக் கடித்த சத்தம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஒரு மணி, இன்னொரு மணி. பிறகு வாயை அசைத்துக்கொண்டு படுத்தது. கொஞ்ச நேரத்தில் கழுத்துக்குள் ஏதோ ஒன்று கீழிருந்து மேலே ஏறிவந்தது தெரிந்தது. அது மீண்டும் மெல்லத் தொடங்கியது. அசை போட்டது. என் மகளை இறக்கிவைத்து, அதன் முன் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். யாரும் எதுவும் ஊற்றாமல், அது தானாகச் செய்த வேலை.

ஆனால் நாள் போதவில்லை. வியாபாரி வந்த அன்று கன்று நின்றது, தின்றது, ஆனால் பார்வைக்கு இன்னும் மாமியின் கன்றின் தங்கை மாதிரித்தான் இருந்தது. வயிறு முன்னால், எலும்பு பின்னால். லொறி ஒழுங்கைக்குள் வந்து நின்றது. வியாபாரி இறங்கி, கொட்டிலுக்குள் வந்து, இரண்டையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மாமியின் கன்றின் முதுகில் கை வைத்து, இது நிக்கட்டும் ராத்தா, என்றார். பிறகு என் கன்றின் வாலைத் தூக்கிப் பார்த்தார், விலாவை விரலால் தட்டினார்.

“இது தேறாது. இப்பவே ஏத்திட்டுப் போறன்.”

என் கணவர் லொறியின் சில்லைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் மகளை இறுக்கிப் பிடித்திருந்தேன். பிள்ளை சிணுங்கிய பிறகுதான் பிடி இறுகியது தெரிந்தது. மாமி என்ன சொல்லப்போகிறார் என்று அவர் வாயையே பார்த்தேன். தொலைபேசியில் இவரைக் கூப்பிட்டதும் அவர்தான், ரெண்டையும் பாத்துட்டுப் போங்க என்றதும் அவர்தான்.

“அது என்ட இல்ல,” என்றார் மாமி. “மருமகள்ட. அவகிட்டக் கேளுங்க.”

இப்படி ஒரு வார்த்தையை அவர் வாயால் கேட்க நான் எத்தனையோ நாள் ஏங்கியிருக்கிறேன். கேட்டபோது சந்தோசம் வரவில்லை, பயம்தான் வந்தது. இது எனக்குக் கொடுத்த மரியாதையா? அல்லது நாளைக்கு இது செத்தால், அண்டைக்கே குடுத்திருக்கலாம் என்று என் தலையில் வைப்பதற்கா? நான் அவர் முகத்தைத் தேடினேன். அது கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வியாபாரி என் பக்கம் திரும்பினார். “தங்கச்சி, வயித்தப் பாருங்க. இது வளரப் போற கண்டில்ல. நட்டப்படுவீங்க.”

வயிற்றைப் பார்த்தேன். அதற்குள் எத்தனை முளை வந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும். வெளியே நின்று பார்க்கிற யாருக்கும் தெரியாது. வியாபாரிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் அது அசை போட்டதை நான் பார்த்தேன்.

“குடுக்கிறல்ல, நானா,” என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னேன்.

“பொறகு என்னக் கூப்பிட வாணாம்.”

“கூப்பிட மாட்டா,” என்றார் மாமி. “அவ ஒண்டு புடிச்சா விடமாட்டா.”

பாராட்டா, குறையா என்று அந்தக் குரலில் இருந்து பிரிக்க முடியவில்லை. லொறி வெறுமையாகத் திரும்பிப் போனது. கணவர் நிமிர்ந்து என்னைப் பார்த்து, குழந்தையை வாங்கிக்கொண்டார்.

பின்னேரம் மாமி சோளம் குத்தி இரண்டு பேசினில் பிரித்து வைத்தார். என் கன்றின் பேசினைத் தூக்கப்போன நான், நின்று, ஒரு பிடி அள்ளி விரலிடுக்கில் தேய்த்தேன். மூக்கருகே கொண்டுபோனேன். வறண்ட சோளத்தின் வாசம் மட்டும்தான் வந்தது. தலையை நிமிர்த்தியபோது மாமி உலக்கையைச் சுவரில் சாத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாத்து முடிஞ்சாப் போடு மகள்,” என்றார். “கண்டு பசியோட நிக்கிது.”